குறுக்கு விசைகளும் அவரவர் உரிமையும்

நிரல் எழுதும் கருவிகளில் குறுக்கு விசைகளை அவரவர் விருப்பின்படி மாற்றிக்கொள்ள இடமளித்தல் தகுமா என்னும் வினா நம் மாணாக்கரிடையே அடிக்கடி எழுகின்றது. தகும் என்பதே எம் அபிப்பிராயம். எனினும் அதற்கும் ஓர் எல்லையுண்டு.

1970-களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டெக்கோ என்னும் தொகுப்பியைக் கையாண்டோர் ஆளுக்கொரு விதமாய்க் கட்டளைகளை வகுத்துக்கொண்டனர். விளைந்தது யாது? ஒருவர்தம் இருக்கையில் மற்றொருவர் அமரின், எவ்விசை எதனைச் செய்யுமென்றறியாது திகைக்கலாயினர். அவற்றை ஒருமுகப்படுத்தக் கை ஸ்டீல் தொடங்கி, ரிச்சர்ட் ஸ்டால்மன் முற்றுவித்த வேலையே 1976-இல் ஈமாக்ஸ் ஆயிற்று. அதிலும் விசைகளை மாற்றும் வசதியை அவர்கள் நீக்கினாரிலர். பொது வழக்கொன்றை முன்னே நிறுத்தினர், அவ்வளவே.

2015-இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட விஷுவல் ஸ்டூடியோ கோடிலும் இம்முறையே காண்கிறோம். பயனர் செய்யும் மாற்றங்கள் தனியொரு கோப்பில் நிற்கும். இயல்பான விசைகள் அழிவதில்லை. எந்நிலையில் ஒரு விசை செல்லுபடியாகும் என்னும் நிபந்தனையையும் ஆங்கே எழுதலாம்.

கலாசாலை ஆய்வுக்கூடக் கணினிகளில் இம்மாற்றங்களைப் பூட்டிவைத்தலே ஒழுங்கு என்பாருமுளர். கண்ட்ரோல், ஷிப்ட், ஆல்ட் மூன்றனையும் பற்றிக்கொண்டு நான்காவதொரு விசையையும் அழுத்துதல், ஒரு கையால் மட்டும் தட்டெழுதும் மாணவனுக்கு எத்துணை இடர்! அவனுக்கு இஃது அலங்காரமன்று. பாடம் படிக்கும் வழியே இதுதான். பூட்டுவோர் ஒழுங்கென்பதை நாம் சோம்பலென்போம் (கடுஞ்சொல்லாயின் பொறுத்தருள்க). மாணவர்தம் விசைக்கோப்பு அவரவர் கணக்கிலே இருக்கட்டும். அவர் எழுந்து சென்றவுடன் பொது வழக்கு தானே திரும்பட்டும். இதனைச் செய்ய ஒரு பிற்பகல் போதும்.