சேர்ந்து ஆண்டார்கள், கலைத்தார்கள்

"இந்துவும் முஸ்லிமும் அதிகாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளவே முடியாது, அதனால்தான் நாடு பிரிந்தது" என்று படித்தவர்களும் கூசாமல் சொல்கிறார்கள். இது வரலாறே இல்லை. பிரிவினைக்குக் காரணமானவர்களைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் வாதம்.

1923-இல் வங்காளத்தில் சுயராஜ்யக் கட்சித் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் முஸ்லிம் தலைவர்களுடன் ஓர் ஒப்பந்தம் செய்தார். மாகாணத்தில் பெரும்பான்மையாக இருந்தும் அரசு வேலைகளில் பின்தங்கியிருந்த முஸ்லிம்களுக்கு 55 சதவீதப் பதவிகள் என்பது அதன் முக்கிய நிபந்தனை. அதே ஆண்டு டிசம்பரில் காக்கிநாடா காங்கிரஸ் மாநாடு அதை நிராகரித்தது. ஆனாலும் மறு ஆண்டு தாஸ் கல்கத்தா மேயரானபோது முஸ்லிம் தலைவர் சுஹ்ரவர்தி துணை மேயரானார். தாஸ் 1925-இல் இறந்தார்; அடுத்த ஆண்டே கிருஷ்ணநகரில் அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களே ஒப்பந்தத்தைக் கைவிட்டார்கள். வேலைகளை விட்டுக்கொடுக்க மனமில்லாதவர்கள் செய்த காரியத்துக்கு மதத்தின் மேல் பழி போடுவது என்ன நியாயம்?

1941-இல் இன்னும் வியப்பான கூட்டு. முஸ்லிம்களுக்குத் தனி அரசுகள் கோரிய முஸ்லிம் லீகின் லாகூர் தீர்மானத்தை முந்தைய ஆண்டு முன்மொழிந்த பஸ்லுல் ஹக் வங்காள மாகாணத்தின் பிரதமர். இந்து மகாசபையின் சியாமா பிரசாத் முகர்ஜி நிதியமைச்சர். ஹக் சட்டமன்றத்தில் தோற்று இறங்கவில்லை. 1943 மார்ச்சில் ஆளுநர் ஜான் ஹெர்பர்ட் அவரிடமிருந்து ராஜினாமாவைக் கட்டாயப்படுத்தி வாங்கினார்.

பஞ்சாபில் 1937 தேர்தலில் 175 இடங்களில் முஸ்லிம் லீக் வென்றவை இரண்டே. ஆட்சி, முஸ்லிம்களும் இந்துக்களும் சீக்கியர்களும் சேர்ந்திருந்த யூனியனிஸ்ட் கட்சியிடம் இருந்தது. அது நிலவுடைமையாளர் கை ஓங்கிய கட்சி, ஆங்கிலேயருக்கு வேண்டிய கட்சி. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அடமானத்தில் போன நிலங்களை உழவர்களுக்கு மீட்டுத் தரும் சட்டத்தை 1938-இல் கொண்டுவந்ததும் சிக்கந்தர் ஹயாத் கானின் அந்த அமைச்சரவைதான். வட்டிக்காரர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். அவர்களை எதிர்த்து முன்னின்ற அமைச்சர் சோட்டு ராமும் இந்துவே.

தேர்தல் முறையும் பிரித்தே வைத்தது: 1909 முதல் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதிகள். முஸ்லிம் தொகுதியில் நின்றவருக்கு இந்துவிடம் ஓட்டுக் கேட்கவே தேவையிருக்கவில்லை. அப்படிப்பட்ட ஏற்பாட்டுக்குள்ளும் இந்தக் கூட்டாட்சிகள் நடந்தன என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

1946 தேர்தலில் லீக் பஞ்சாபின் மிகப் பெரிய கட்சியானது உண்மை. அப்போதும் யூனியனிஸ்ட் தலைவர் கிஸர் ஹயாத் திவானா காங்கிரஸையும் சீக்கியரின் அகாலிகளையும் சேர்த்து ஆட்சி அமைத்தார். லீகின் தெருப் போராட்டம் அவரை நெருக்கியது. பிரிட்டன் வெளியேறும் நாளை அறிவித்தது. 1947 மார்ச் 2 அன்று அவர் விலகினார். ராவல்பிண்டி கிராமங்களில் படுகொலைகள் தொடங்கியது அதற்குப் பிறகு, அமைச்சரவையே இல்லாத அந்த மார்ச்சில்.