பார்த்தாலே தெரியுமாம்

ஒருவர் யாரை விரும்புகிறார் என்பதை அவருடைய நடை, குரல், தலைமயிர், உடுப்பு இவற்றை வைத்தே சொல்லிவிடலாம் என்று எங்கட ஆட்களில் கனபேர் நம்புகிறார்கள். பஸ்ஸில், டியூஷன் வகுப்பில், கல்யாண வீட்டுப் பந்தியில், ஒஃபிஸ் வட்ஸ்அப் குழுவில் எங்கும் இதே கதைதான்: "அவனப் பார்த்தாலே தெரியும் தானே." முற்போக்கு பேசும் சிநேகிதர்களும் விதிவிலக்கில்லை. அவர்கள் இதையே கொஞ்சம் அன்பாகச் சொல்வார்கள், அவ்வளவுதான். இது பொய், அதுவும் ஆட்களைக் காயப்படுத்துகிற பொய் என்பதுதான் எங்கள் வாதம். கொழும்புத் தமிழர் இதைச் சொல்லக் கூடுதலாக வெட்கப்பட வேணும் என்பதையும் சேர்த்தே சொல்லுறம்.

முதலில், இவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? கையை ஆட்டிக் கதைக்கிற பொடியன். கிரிக்கெட் பிடிக்காத, பரதநாட்டியம் பழகுகிற பொடியன். தலைமயிரைக் கட்டையாக வெட்டிய பிள்ளை. இதில் எங்கே இருக்கிறது விருப்பம்? ஆண் இப்படி நிற்க வேணும், பெண் இப்படி நடக்க வேணும் என்று ஊர் போட்டு வைத்த அளவுகோலுக்கு வெளியே ஒருவர் நிற்கிறார். அது மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது. மிச்சம் எல்லாம் பார்க்கிறவரின் கற்பனை. இந்தக் கொழும்பில் மூன்று மொழிக்காரரும் கூச்சமில்லாமல் எறிகிற 'பொன்னயா' என்ற சொல்லும், படங்கள் சொல்லித்தந்த 'ஒம்போது' என்ற சொல்லும் தன்பாலீர்ப்புள்ளவரை அடையாளம் கண்டு எறியப்படுகிறவை அல்ல. மென்மையான ஆணைக் கண்டால் எறியப்படுகிறவை. அந்த ஆண் ஒரு பெண்ணைக் காதலித்துக் கல்யாணம் கட்டி மூன்று பிள்ளை பெற்றிருந்தாலும் அடி அவருக்கும் விழும்.

கொம்பனித்தெருவில் வாழ்கிறவர்களுக்கு இது விளங்க வேணும். ஜாவா லேன் பக்கம் ஒரு அரை மணித்தியாலம் நின்று பாருங்கள். போகிறவர் மலாயரா, சோனகரா, தமிழரா, சிங்களவரா என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் பார்ப்போம். மலாய் மாமாவோடு தமிழில் தொடங்கி அசடு வழிகிறதும், தமிழ்ப் பொடியனிடம் கடைக்காரர் சிங்களத்தில் விலை சொல்கிறதும் இங்கே ஒவ்வொரு நாளும் நடக்கிறது. எல்லாரும் சிரித்துவிட்டுப் போகிறோம். உடுப்பு, பேச்சு, பெயர், கோயில், பள்ளிவாசல் என்று இத்தனை வெளி அடையாளம் உள்ள இனத்திலேயே கண் இவ்வளவு பிழைக்கிறது. வெளியே ஒரு அடையாளமும் தேவைப்படாத விருப்பத்தை அதே கண் எப்படிப் பிடிக்கும்?

"இல்லை, நான் சொன்னது எத்தனையோ தடவை சரியா வந்திருக்கு" என்பார்கள். எப்படிச் சரிபார்த்தீர்கள்? நீங்கள் மனதுக்குள் முத்திரை குத்திய நூறு பேரில் எத்தனை பேரிடம் போய்க் கேட்டீர்கள்? நீங்கள் சந்தேகிக்காமல் விட்ட ஆட்களில் எத்தனை பேர் உங்களிடம் உண்மை சொன்னார்கள்? சரியாக வந்த இரண்டு மூன்று ஞாபகத்தில் நிற்கும். பிழைத்தவை பிழைத்தது என்றே உங்களுக்குத் தெரியாது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவம். ஒரு பேச்சுக்கு, ஆயிரம் பேரில் 50 பேர் தன்பாலீர்ப்புள்ளவர்கள் என்று வையுங்கள். உங்கள் கண் நூற்றுக்கு 80 தடவை சரி என்றும் தாராளமாக ஒப்புக்கொள்கிறோம். அந்த 50 பேரில் 40 பேரைப் பிடிப்பீர்கள். மிச்ச 950 பேரில் நூற்றுக்கு 20 வீதம், அதாவது 190 பேரையும் 'அவர்கள்தான்' என்று காட்டுவீர்கள். மொத்தம் 230 பேரை நோக்கி விரல் நீட்டியிருக்கிறீர்கள். 190 பேரில் பிழை. இவ்வளவு கெட்டிக்காரக் கண்ணுக்கே ஐந்தில் நான்குக்கு மேல் பிழை.

இந்த இடத்தில் யாராவது ஸ்டான்ஃபோர்ட் ஆய்வைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 2017இல் பரபரப்பாகி 2018இல் சஞ்சிகையில் அச்சான, மிஹால் கொசின்ஸ்கியும் யிலுன் வாங்கும் செய்த ஆய்வு. கணினி முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறது என்று தலைப்புகள் வந்தன. அதில் என்ன நடந்தது? அமெரிக்க டேட்டிங் தளமொன்றில் ஆட்கள் தாங்களாகவே போட்ட படங்கள், அதுவும் வெள்ளையர்களின் படங்கள் மட்டும். ஒருவர் தன்பாலீர்ப்புள்ளவர், மற்றவர் இல்லை என்று சோடி சோடியாகக் கொடுத்து, இரண்டில் எது என்று கேட்டார்கள். ஒற்றைப் படத்தை வைத்துக் கணினி ஆண்களில் 81 வீதம், பெண்களில் 71 வீதம் சரியாகச் சொன்னது. மனிதர்கள்? ஆண்களில் 61, பெண்களில் 54. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும்! 'பார்த்தாலே தெரியும்' என்ற பெருமையின் உண்மையான விலை இவ்வளவுதான்.

கணினியின் கெட்டித்தனத்தையும் பிறகு பிரித்துப் பார்த்தார்கள். மார்கரெட் மிட்செல், அலெக்சாண்டர் டோடொரோவ் முதலியோர் 2018 தொடக்கத்தில் காட்டியது, வித்தியாசத்தின் பெரும்பகுதி மேக்கப், கண்ணாடி, தாடி, கமராவை எந்த உயரத்தில் பிடித்தார்கள் என்பவற்றிலேயே இருக்கிறது என்று. ஒருவர் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பினார் என்பதைத்தான் கணினி படித்திருக்கிறது. வெள்ளவத்தை பஸ் தரிப்பிடத்தில் யாரும் உங்களுக்குக் காட்டுவதற்காக நிற்பதில்லை.

ஷியாம் செல்வதுரையின் 'ஃபனி போய்' நாவலை 1994இலிருந்து உலகம் வாசிக்கிறது. கொழும்புத் தமிழ்க் குடும்பத்தின் கதை. ஏழு வயது ஆர்ஜி மச்சாள்மாரோடு சேர்ந்து கல்யாணப் பொம்பிளையாகச் சேலை கட்டி விளையாடுகிறான். பெரியவர்கள் கண்டதும் வீடே குழம்புகிறது. அன்றிலிருந்து அவனைப் பொடியன்களோடு கிரிக்கெட் ஆடத் துரத்துகிறார்கள். பிறகு ஆம்பிளையாக்குவதற்கென்று தகப்பன் அடி உதைக்குப் பேர்போன பள்ளிக்கூடத்துக்கு மாற்றுகிறார். ஆனால் அதே வீட்டில் மீனா என்ற மச்சாள் பொடியன்களோடு கிரிக்கெட் ஆடி, ஒரு அணிக்குத் தலைமையும் தாங்குகிறாள். அவளைப் பார்த்து ஒருவரும் எதையும் 'கண்டுபிடிக்கவில்லை'. பெரியவர்களின் கண் அடையாளம் தேடவில்லை, தங்களுக்கு வெட்கம் தரும் இடத்தில் மட்டும் விழித்துக்கொண்டது.

"ஆனா ஆர்ஜி கடைசில அப்படித்தானே வந்தான்?" என்று கேட்பவர்கள் உண்டு. வந்தான். அதை அவன் தானாக, பல வருஷம் கழித்து, ஒரு சிநேகிதனோடு கண்டுகொண்டான். ஏழு வயதில் பெரியவர்கள் பார்த்தது ஒரு சேலையை. அந்தப் பார்வை அவனுக்குக் கொடுத்தது ஒன்றுமில்லை, எடுத்தது அவனுடைய விளையாட்டை.

அந்த நாவல் 1983 ஜூலைக் கலவரத்தோடு முடிகிறது என்பதையும் மறக்க வேண்டாம். கறுப்பு ஜூலையில் ஆட்களை எப்படித் தெரிந்தெடுத்தார்கள் என்று எங்கட வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பொட்டைப் பார்த்தார்கள். 'பால்திய' என்று சொல்லச் சொன்னார்கள். வாளிக்குச் சிங்களச் சொல் அது. தமிழ் எழுத்தில் 'ப' ஒன்றுதான். முதல் ஒலியில் நாக்குச் சறுக்கியவர் தமிழர். பொட்டை அழித்தவர் தப்பினார், நாக்குத் திருந்தியவர் தப்பினார். பிறகு வந்த வருஷங்களில் சோதனைச் சாவடிகளில் எங்களைப் பார்த்த பார்வை வேறு. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் இருந்த 376 தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். அடுத்த நாள் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. ஆளைப் பார்த்து ஆளை முடிவுகட்டுவது என்றால் என்ன என்று இந்த நாட்டில் எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அந்தப் பார்வைக்குப் பயந்து வாழ்ந்த சமூகம், அதே பார்வையைத் தன் பிள்ளைகள் மேல் திருப்புவதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை.

"பகிடிக்குத்தானே சொல்றம்" என்றால், பகிடி எங்கே போய் முடிகிறது என்றும் பார்ப்பம். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் புத்தகத்தில் இருக்கின்றன. 1995இல் திருத்தியபோது ஆண்களுக்கு மட்டும் என்றிருந்த 365அ பிரிவை எல்லாருக்கும் ஆக்கி, பெண்களையும் உள்ளே இழுத்தார்கள். அந்தச் சட்டம் தண்டிப்பது செயலை. செயல் நடப்பது பூட்டிய கதவுக்குப் பின்னால். பொலிஸ் நிற்பதோ தெருவில். அப்போது சந்தேகத்துக்குக் காரணமாக மிஞ்சுவது ஆளின் தோற்றம்தான். மறித்து வைக்க 1841ஆம் ஆண்டு நாடோடிகள் கட்டளைச் சட்டமும் கையில் இருக்கிறது. ஹியூமன் ரைட்ஸ் வொட்ச் 2016 ஓகஸ்டில் ஒரு அறிக்கை வெளியிட்டது. அதன் தலைப்பே எங்களுக்குப் பழக்கமானது: ஐந்து விரலும் ஒரே மாதிரி இல்லை. திருநர்களும் 'ஆம்பிளை மாதிரி இல்லாத' ஆண்களும் தெருவில் மறிக்கப்பட்டு இழிவுபடுத்தப்பட்டது அதில் பதிவாகியிருக்கிறது. 2020இல் அதே அமைப்பும் ஈக்குவல் கிரவுண்டும் இன்னொன்றை வெளிக்கொண்டு வந்தன: 2017 முதல் குறைந்தது 7 பேர், 'ஆதாரம்' தேடுவதற்காகக் கட்டாய உடற்பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டார்கள். கட்டாயக் குதப் பரிசோதனையை நிறுத்தச் சொல்லி உலக மருத்துவ சங்கம் 2017இலேயே கேட்டிருந்தது. 'பார்த்தாலே தெரியும்' என்ற நம்பிக்கை வைத்தியரின் மேசை வரைக்கும் போன கதை இது.

2022இல் பிரேம்நாத் தொலவத்த இந்தப் பிரிவுகளைத் திருத்தத் தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தார். அது அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மேயில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. 2024 செப்டம்பரில் பாராளுமன்றம் கலைய, சட்டமூலமும் போனது.

எங்கட பக்கத்துக்கும் ஒன்று சொல்ல வேணும். "நம்மட ஆக்கள நாங்க கண்டுபிடிப்பம்" என்று குயர் சிநேகிதர்களே சொல்வதுண்டு. ஒருவர் பார்க்கிற விதம், விடுகிற ஒரு சொல், போட்டிருக்கிற ஒரு வளையம் இவற்றால் ஒருவரையொருவர் அறிந்துகொள்வது உண்மை. அது தெரியப்படுத்துகிறவர் விரும்பித் தருகிற சைகை. தராத ஒருவரைக் கூட்டத்துக்கு நடுவில் 'இவரும் எங்கட ஆள்தான்' என்று சொல்வது, மாமாமார் செய்கிற அதே வேலை.

இந்தப் பார்வை கண்டதாக நினைக்கிறவர்களை மட்டும் அடிப்பதில்லை, காணாதவர்களையும் அடிக்கிறது. நீளத் தலைமயிரும் பூவும் பொட்டுமாக நிற்கிற ஒரு அக்கா, தனக்கு ஆண்களில் விருப்பமில்லை, கல்யாணம் வேண்டாம் என்று வீட்டில் அழுதால் கிடைக்கும் பதில் என்ன? "உன்னைப் பார்த்தா அப்படித் தெரியலையே. சும்மா மனப்பிரமை. கட்டினா சரியாப் போயிரும்." அவளுடைய வாய்ச்சொல்லைவிட அவளுடைய பூவுக்கு மதிப்பு அதிகம். சாதகம் பார்த்து, மண்டபம் பதிவு செய்து, அவளையும் ஒன்றும் அறியாத ஒரு ஆணையும் சேர்த்து வைத்துவிடுவார்கள்.

எங்கட கோரிக்கை லேசானது. டியூஷன் மாஸ்டர்மார் வகுப்பில் பொடியன்களின் நடையை நடித்துக் காட்டுவதை நிறுத்துங்கள். சிநேகிதர் கூட்டத்தில் 'அவர் அதுவா?' என்று யாரும் கேட்டால், தெரியாது என்று சொல்லுங்கள். உண்மையில் உங்களுக்குத் தெரியாது. பிள்ளை தானாக வந்து சொன்னால், முகத்தைப் பார்த்துச் சரிபார்க்காமல் சொன்னதை நம்புங்கள். சொல்லாவிட்டால் சொல்லாமல் இருக்க விடுங்கள். அடுத்த தடவை 365ஐ நீக்கும் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வரும்போது, எங்கட வாக்கைக் கேட்டு வந்த தமிழ், முஸ்லிம், மலையக உறுப்பினர்களிடம் எந்தப் பக்கம் கை தூக்குவீர்கள் என்று கேளுங்கள். நாங்கள் கேட்கப் போகிறோம்.