வலி தணிந்தது, நோய் தணிந்ததா?

வைகாசி பிறந்து கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் திருகோணமலையில் நிலமும் வரளும், நாவும் வரளும். மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் பஸ் ஏறிப் பட்டினத்திற்கு வேலைக்கு வரும் பெண்கள், வழியில் ஒதுங்க வசதியில்லையே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கின்றனர். நாள் முழுவதும் சிறுநீரை அடக்கியும் வைக்கின்றனர். இதனால் வரக்கூடிய உபாதைதான் சலக்கடுப்பு என்று நாம் சொல்லும் நீர்க்கடுப்பு. பிறரிடம் சொல்லக் கூச்சம். ஆதலால் மருந்துக்கடையில், "நோவுக்கு ஏதேனும் தாருங்கள்" என்று கேட்டு விழுங்கிவிட்டு வேலையைப் பார்க்கின்றனர்.

வலியைத் தணித்துக்கொள்வது குற்றமா, சகோதரிகளே? அன்று. ஆனால் அக்குளிசை செய்வது என்ன, செய்யாதது என்ன என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

பெண்களின் சிறுநீர்த்துவாரக் குழாய் ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர் நீளமே உடையது. குடலில் வாழும் ஈ. கோலி என்னும் கிருமி அவ்வழியே எளிதில் சிறுநீர்ப்பையை அடைந்து, அதன் உட்சுவரை அழற்சியுறச் செய்கிறது. எரிவும், அடிக்கடி நீர் பிரிதலும், அடிவயிற்று நோவும் அதனாலேயே. நோக் குளிசை இந்த உணர்ச்சியை அடக்குமேயன்றிக் கிருமியைக் கொல்லாது. வெளிச்சவீட்டு விளக்கை அணைத்துவிட்டால் கடலிலுள்ள பாறை அகன்றுவிடுமா?

வீட்டிலிருக்கும் பரசிற்றமோலே பெரும்பாலோருக்குத் தகுந்தது. வளர்ந்தவர் 500 மில்லிகிராம் குளிசை இரண்டினை ஆறு மணித்தியாலத்திற்கு ஒருமுறை உட்கொள்ளலாம். ஒரு நாளில் எட்டுக்கு மேல் ஆகாது. ஈரல் நோயுள்ளோரும் மிக மெலிந்தோரும் வைத்தியரைக் கேட்டே உட்கொள்க. வெந்நீர் ஒத்தடமும் கன்னியாக் கிணற்று நீராடல் போன்ற இதத்தைத் தரும்.

அமெரிக்காவில் சீட்டின்றியே விற்கப்படும் பெனாசோபிரிடின் என்பது சிறுநீருடன் வெளியேறுகையில் அவ்வழியை மரக்கச் செய்யும் மருந்து. அதை உண்டவரின் சிறுநீர் செம்மஞ்சளாக மாறும், உடையிலும் கறைபடும், சிறுநீர்ப் பரிசோதனையின் முடிவையும் குழப்பும். இரண்டு நாளுக்கு மேல் அதனைத் தொடரலாகாது. சிறுநீரக நோயாளர் அதனைத் தொடவே கூடாது.

இபுபுரோபன் பற்றி ஜெர்மனியில் நடத்தப்பட்ட ஆராய்ச்சியொன்று 2015இல் வெளியானது. முதலில் அதனை மட்டும் பெற்ற பெண்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் கிருமிகொல்லியின்றியே தேறினர். ஆயினும் அவர்களின் உபாதை அதிகமாயிருந்தது. அழற்சி சிறுநீரகம் வரை ஏறியவர்களும் அப்பிரிவிலேயே கூடுதல். அதுவும் வைத்தியர் கண்காணிப்பில் நடந்தது என்பதை மறத்தலாகாது.

நம் மாவட்டத்தாருக்கு இதில் மேலும் எச்சரிக்கை வேண்டும். பதவி ஸ்ரீபுரப் பகுதியில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பலரைப் பீடித்துள்ளது. தேகத்தில் நீர் வற்றியிருக்கும்போது இபுபுரோபன், டைக்ளோபெனாக் ஆகியவை சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். 2017இல் கிண்ணியாவில் பரவிய டெங்கு பறித்த உயிர்களையும் நாம் மறந்திரோம். வந்த சுரம் டெங்காக இருப்பின் இம்மருந்துகளால் இரத்தக் கசிவு அபாயம் மிகும். கர்ப்பிணிகளும் தாமாக இவற்றை உட்கொள்ளலாகாது.

ஆகவே, சகோதரிகளே, வலி தணிந்தவுடன் காரியம் முடிந்ததென்று இருந்துவிடாதீர்கள். இரண்டொரு நாளில் உபாதை தீராவிடில் வைத்தியரிடம் செல்லுங்கள். குளிருடன் சுரம், விலாவில் நோவு, வாந்தி, சிறுநீரில் இரத்தம் ஆகியவற்றுள் ஒன்று காணினும் அன்றே செல்லுங்கள். கர்ப்பிணிகளும், நீரிழிவுள்ளோரும், குழந்தைகளும், ஆண்களும் முதல் நாளிலேயே காட்டுதல் நன்று. முன்னே விழுங்கிய குளிசைகளை ஒளியாமல் சொல்லுங்கள். கிருமிகொல்லி தரப்பட்டால், எரிவு நின்றாலும் குறித்த நாள்வரை உட்கொள்ளுங்கள்.

அரசினர் வைத்தியசாலையில் இதற்குப் பணம் கேட்பாரில்லை. கூச்சத்திற்காகச் சிறுநீரகத்தை விலையாகக் கொடுப்பது அறிவுடைமையாகுமா?