ஒரு கொடியில் ஒரே காய்



காரைக்கால்மேட்டின் மணற்பாங்கான கொல்லையிலும் ஆடியில் ஊன்றிய பறங்கி விதை தைப்பொங்கலுக்குள் காய் தந்துவிடுகிறது. கொடி கூரைமேல் ஏறினால் ஏறட்டும் என்று விட்டுவிடுகிறோம். உறைபனி என்பதை நம் மண் அறியாது. ஆயினும், ஆண்டில் சில மாதங்களே உறைபனியின்றி இருக்கும் குளிர்நாடுகளில்தான் உலகின் மாபெரும் பறங்கிகள் விளைகின்றன என்பது வியப்பிற்குரிய செய்தி.

கனடாவின் கீழ்க்கரையிலுள்ளது நோவா ஸ்கோஷியா மாநிலம். அங்கே விண்ட்சர் என்னும் ஊரில் ஹோவர்டு டில் என்ற உழவர் பல்லாண்டுகள் விதை தெரிந்தெடுத்து, 'அட்லாண்டிக் ஜயண்ட்' என்னும் இனத்தை உருவாக்கினார். 1979 முதல் 1982 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து உலகப் போட்டியில் முதலிடம் பெற்றார். 1981இல் அவர் விளைவித்த காயின் எடை ஏறத்தாழ 224 கிலோ. 2025 அக்டோபரில் இங்கிலாந்தின் இரட்டைச் சகோதரர்களான இயன், ஸ்டூவர்ட் பேட்டன் விளைவித்த காயோ 1,278 கிலோவைத் தாண்டி உலகச் சாதனையாயிற்று.

குறுகிய பருவத்தில் இஃது எங்ஙனம் இயலும்? ஏப்ரலில் வீட்டினுள் வெதுவெதுப்பில் விதையை முளைக்க வைப்பர். மே மாதத்தில் நாற்றை நட்டுக் கூடாரமிட்டுக் காப்பர். கொடியின் கணுக்களை மண்ணால் மூடி வேர்விடச் செய்வர். விடியற்காலையில் ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவில் கையாலேயே தடவுவர். பிஞ்சுகள் பிடித்தபின் ஒன்றை மட்டும் நிறுத்தி, மற்றவற்றைக் கிள்ளிவிடுவர். கொடி ஆக்கும் உணவு முழுவதும் அந்த ஒன்றிற்கே. உச்ச வளர்ச்சியில் அது நாளொன்றுக்கு 20 கிலோ வரை பெருக்கும். சிலவேளை அவ்வேகத்தைத் தாங்காது வெடித்துவிடும். வெடியாது தப்பிய காயும் நீர்த்துச் சுவை குன்றியிருப்பதால் சமையலுக்கு அவ்வளவாக உகந்ததன்று.

தோட்டத்தில் இம்முறை குற்றமன்று. கிள்ளிய பிஞ்சு நோவதில்லை. இது நம் இல்லங்களுள் நுழைவதே கவலைக்குரியது. மூத்தவனை வெளிநாட்டிற்கு அனுப்ப நகைகளை அடகு வைக்கிறோம். நன்கு படிக்கும் மகளைப் பத்தாம் வகுப்போடு நிறுத்துகிறோம். இளையவனைப் படகில் ஏற்றுகிறோம். "அவன் தலையெடுத்தால் எல்லாரையும் பார்த்துக்கொள்வான்" என்கிறோம். கடன், தங்கையின் திருமணம், வீடு கட்டுதல் அனைத்தும் அவன் தோளில் விழுகின்றன. அங்கே வேலை போய்விட்டாலோ, வீட்டிற்குச் சொல்லவும் அஞ்சி அவன் ஒடுங்கிப் போகிறான்.

"இருக்கும் பணம் ஒருவனுக்கே போதவில்லையே, சாமி" என்பீர்கள். உண்மைதான். பகிர்ந்தளித்தால் எவரும் மிக உயராமற் போகலாம். ஆனால் படிப்பைத் தொடர்ந்த மகளும், தொழில் கற்ற இளையவனும் தம் காலில் நிற்பர். அண்ணன் வீழும் நாளில் அவனைத் தாங்கவும் செய்வர்.

இறைவாக்கினர் யோனாவுக்கு நிழல் தந்த செடியை நம் தமிழ் விவிலியம் ஆமணக்கு என்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்போ சுரையினத்துக் கொடி என்றது. புனித எரோணிமுஸ் அதனை வேறொரு படர்கொடியாக மாற்றியபோது, ஆப்பிரிக்க நகர் ஒன்றில் மக்கள் கொதித்தெழுந்ததைப் புனித அகுஸ்தினார் தம் மடலில் குறிக்கிறார். செடி எதுவாயினும் படிப்பினை ஒன்றே. அந்த ஒரு செடிக்காக வருந்திய யோனாவுக்கு, நினிவே நகரின் 1,20,000க்கும் மேற்பட்ட மக்களையும் திரளான கால்நடைகளையும் ஆண்டவர் சுட்டிக் காட்டினார். அவர் பரிவில் எவரும் விடுபடவில்லை.

கரைவலை இழுக்கையில் கயிறு பிடித்தவர் அனைவர்க்கும் பங்குண்டு என்பதை நம் மீனவ மக்கள் நன்கறிவர். அந்நீதி வீட்டினுள்ளும் விளங்க வேண்டும். பள்ளி திறக்குமுன் ஒரு மாலை, செபமாலை முடிந்ததும், கணவனும் மனைவியுமாக அமர்ந்து, பிள்ளைகள் ஒவ்வொருவர்க்கும் என்ன செலவிடுகிறோம் எனத் தாளில் எழுதிப் பாருங்கள். எவர் பெயருக்கு எதிரே ஒன்றுமில்லையோ, அப்பிள்ளையை அழைத்து, உன் விருப்பம் என்னவென்று அன்றே கேளுங்கள்.