வணிகக் கணக்குக்கு எந்த டேட்டாபேஸ்? ஆடிட்டரைக் கேளுங்கள்!

வணிகத்துக்கு எந்த ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸ் நல்லது என்று தேடினால் கிடைப்பதெல்லாம் வேகப் போட்டிதான். இது நொடிக்கு இத்தனை ஆயிரம் வினவல், அது அதைவிட இரண்டு மடங்கு. படித்து முடித்தால் தலை சுற்றுவதுதான் மிச்சம். ஒரு நாளைக்கு நானூறு பில் போடும் மொத்த வியாபாரிக்கு இந்த எண்களால் என்ன பயன்? நானூறு பில்லைப் பத்து வருடப் பழைய கம்ப்யூட்டரில் எந்த டேட்டாபேஸும் அலுக்காமல் எழுதிவிடும்.

வணிகத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. டேட்டாபேஸ் என்ற சொல் பிறப்பதற்கு முன்பிருந்தே ஆடிட்டர்கள் அவற்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தப்பான பதிவை இந்தப் புத்தகம் ஏற்குமா? எழுதியதை யாராவது திருத்தினால் தடயம் இருக்குமா? புத்தகம் எரிந்துபோனால் நகல் உண்டா? கடைசியாக, இந்தப் புத்தகம் யாருடையது? போஸ்ட்கிரெஸ் (முழுப்பெயர் போஸ்ட்கிரெஸ்கியூஎல், வாயில் நுழையாததால் சுருக்கிவிட்டார்கள்), மைஎஸ்கியூஎல், மரியாடிபி, எஸ்கியூலைட் நான்கையும் இந்தக் கேள்விகளோடு உட்கார வைத்துப் பார்த்தால் வேகப் போட்டியில் தெரியாத பல விஷயங்கள் தெரிகின்றன. (ஃபயர்பேர்ட் ரசிகர்கள் மன்னிக்க வேண்டும். நல்ல டேட்டாபேஸ்தான், ஆனால் அதைத் தெரிந்த ஆளைத் தேடிப் பிடிப்பது சிரமம்.)

முதலில் தப்பான பதிவு. காமர்ஸ் படித்தவர்களுக்கு இரட்டைப் பதிவு முறையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பற்று எழுதினால் வரவும் எழுத வேண்டும். பற்று எழுதி முடித்த நொடியில் கரண்ட் போனால்? இரண்டும் பதிவாக வேண்டும், அல்லது இரண்டும் பதிவாகக் கூடாது. டேட்டாபேஸ்காரர்கள் இதை டிரான்சாக்‌ஷன் என்கிறார்கள். மைஎஸ்கியூஎல் புகழ் பெற்ற காலத்தில் அதில் இயல்பாக வந்த மைஐசாம் என்ற சேமிப்பு எஞ்சினுக்கு இது தெரியாது. டிரான்சாக்‌ஷன் தெரிந்த இன்னோடிபி இயல்பான எஞ்சின் ஆனது 2010-ல், 5.5 பதிப்பில். அதுவரை விவரம் தெரியாமல் மைஎஸ்கியூஎல்லில் பேரேடு எழுதியவர்களின் இருப்பாய்வு எப்படி ஒத்துப்போனது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தொகை பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்று டேபிளில் ஒரு விதி எழுதினால், மைஎஸ்கியூஎல் அதைப் பிழை சொல்லாமல் வாங்கிக்கொண்டு, பிறகு கண்டுகொள்ளாமலே விட்டுவிடும். முதலாளி சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு மறந்துபோகும் குமாஸ்தா மாதிரி. அந்த விதியை அது நிஜமாகவே அமல்படுத்தத் தொடங்கியது 2019-ல், 8.0.16 பதிப்பில்தான். மைஎஸ்கியூஎல்லில் இருந்தே பிரிந்த மரியாடிபி இரண்டு வருடம் முன்னதாகவே 10.2-ல் இதைச் சரிசெய்துவிட்டது. பிப்ரவரி 31 என்று தேதி கொடுத்தால் முழுக்கப் பூஜ்யமாக்கிச் சேமிப்பது, நீளமான பெயரை வெட்டிவிட்டு ஒரு எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்வது போன்ற பழக்கங்களுக்கு 2015-ல் 5.7 பதிப்பு கடிவாளம் போட்டது. ஆனால் இணைகிற எந்த நிரலும் தன் இணைப்புக்கு மட்டும் அந்தக் கடிவாளத்தைத் தளர்த்திக்கொள்ளலாம். பழைய நிரல்கள் பல அப்படித்தான் செய்கின்றன.

போஸ்ட்கிரெஸ் இந்த விஷயத்தில் பழைய காலக் கணக்குப்பிள்ளை. எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து வந்தால் முடியாது என்று திருப்பி அனுப்பும். நிரல் எழுதுபவர்களுக்கு எரிச்சல் வரும், கணக்குக்கு நல்லது. எஸ்கியூலைட் இதற்கு நேர் எதிர். எண் பத்தியில் 'ஐநூறு' என்று எழுதினாலும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்ளும். 2021-ல் வந்த 3.37 பதிப்பிலிருந்து கண்டிப்பான டேபிள் வேண்டும் என்று கேட்டு வாங்கலாம், ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். பணத்துக்கென்று துல்லியமான தசம வகையும் அதில் கிடையாது. ரூபாயைப் பைசாவாக மாற்றி முழு எண்ணாக வைப்பதே பிழைக்கும் வழி. மற்ற மூன்றிலும் தசம வகை இருக்கிறது, ஆனால் ஃப்ளோட் வகையில் பணத்தை வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த வகையில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது. மாதக் கடைசியில் இரண்டு பைசா எங்கே போனது என்று ராத்திரி பதினொரு மணி வரை தேடுபவரிடம் கேட்டால் இதன் அருமை தெரியும்.

இனி எந்த ஒப்பீட்டுக் கட்டுரையும் சொல்லாத ஒன்று. ஜிஎஸ்டி விதி 46-ன்படி இன்வாய்ஸ் எண் தொடர்ச்சியாக, 16 எழுத்துக்கு மிகாமல், அந்த நிதியாண்டில் திரும்ப வராததாக இருக்க வேண்டும். நிரல் எழுதுபவர் என்ன செய்வார்? டேட்டாபேஸ் தானாகத் தரும் வரிசை எண்ணையே பில் எண்ணாக வைத்துவிடுவார். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், மரியாடிபி மூன்றிலும் ஒரு டிரான்சாக்‌ஷன் பாதியில் ரத்தானால் அது எடுத்த எண் எடுத்ததுதான், திரும்பி வராது. 1041-க்கு அடுத்து 1043 இருக்கும். 1042 எங்கே என்று அதிகாரி கேட்டால், டேட்டாபேஸ் அப்படித்தான் சார் என்று பதில் சொல்ல முடியுமா? மைஎஸ்கியூஎல்லில் இதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. கடைசிப் பதிவை அழித்துவிட்டு சர்வரை நிறுத்தித் தொடங்கினால் அதே எண்ணை மறுபடி இன்னொருவருக்குக் கொடுக்கும். 2003-ல் புகாரான குறை இது. தீர்ந்தது 2018-ல், 8.0 பதிப்பில். ஆகவே எந்த டேட்டாபேஸாக இருந்தாலும் பில் எண்ணுக்குத் தனியாக ஒரு டேபிள் வைத்து, அந்த வரியைப் பூட்டி, பில்லோடு சேர்த்து ஒரே டிரான்சாக்‌ஷனில் எண்ணைக் கூட்ட வேண்டும். கொஞ்சம் மெதுவாகும். ஆகட்டுமே.

இரண்டாவது கேள்விதான் இப்போது சூடானது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் சட்டத்தின் கீழ் வரும் கம்பெனிகள் தணிக்கைத் தடம் பதியும் கணக்கு மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும். ஒவ்வொரு மாற்றமும் எந்தத் தேதியில் நடந்தது என்று பதிவாக வேண்டும், அந்தப் பதிவை நிறுத்தி வைக்க முடியாதபடியும் இருக்க வேண்டும். (தனிநபர் கடைகளுக்கும் கூட்டு வணிகத்துக்கும் இந்த விதி இல்லை.) மென்பொருளின் திரை வழியாகத் திருத்தினால் பெரும்பாலும் பதிவாகிவிடும். சிக்கல் பின்வாசலில். டேட்டாபேஸின் கடவுச்சொல் தெரிந்தவர் நேராக உள்ளே போய் ஒரு வரி கட்டளையில் தொகையை மாற்றினால்? 2023-24 நிதியாண்டுக்கான தணிக்கை அறிக்கைகளில், டேட்டாபேஸ் மட்டத்தில் நேரடி மாற்றங்களுக்குத் தடம் வைக்கப்படவில்லை என்று ஆடிட்டர்கள் எழுதிய கம்பெனிகள் பல.

இங்கேதான் இலவசம் என்ற சொல்லின் சாயம் வெளுக்கிறது. மைஎஸ்கியூஎல்லின் தணிக்கைப் பதிவு வசதி ஆரக்கிளின் கட்டண எண்டர்பிரைஸ் பதிப்பில் இருக்கிறது, இலவச கம்யூனிட்டி பதிப்பில் இல்லை. மரியாடிபியோடு தணிக்கைச் செருகுநிரல் இலவசமாகவே வருகிறது. போஸ்ட்கிரெஸ்ஸுக்கு பிஜிஆடிட் என்ற திறமூல இணைப்பு உண்டு. எஸ்கியூலைட் வெறும் ஒரு கோப்பு. கோப்பைத் தொட முடிந்தவர் எதையும் மாற்றலாம், கேள்வி கேட்க அங்கே ஆளில்லை.

தணிக்கைப் பதிவு இருந்தால் மட்டும் போதாது. என்ன கட்டளை வந்தது என்று அது சொல்லும், பழைய தொகை என்னவாக இருந்தது என்பதைச் சொல்லாது. இங்கே மரியாடிபி மற்ற எல்லோரையும் முந்துகிறது. 2018-ல் வந்த 10.3 பதிப்பிலிருந்து, ஒரு டேபிளை உருவாக்கும்போதே பழைய வரிகளை வைத்திரு என்று சொல்லிவிட்டால் போதும். திருத்தினாலும் அழித்தாலும் பழைய வரி நேரத்தோடு உள்ளேயே இருக்கும், மார்ச் 31 அன்று இந்தக் கணக்கு எப்படி இருந்தது என்று நேராகக் கேட்கலாம். போஸ்ட்கிரெஸ்ஸில் இதற்கு டிரிக்கர் எழுதி வேறொரு டேபிளில் சேர்த்துவைப்பதுதான் வழக்கம். போஸ்ட்கிரெஸ் பக்தர்கள் இதைப் பெரிய விஷயமில்லை என்பார்கள். ஆடிட் நேரத்தில் அந்த டிரிக்கரை எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்தால் அது பெரிய விஷயம்தான்.

நகல் விஷயத்தில் நான்குக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, மனிதர்கள்தான் வித்தியாசம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், தவறான சர்வரில் இருக்கிறோம் என்று தெரியாமல் போஸ்ட்கிரெஸ் தரவு முழுவதையும் அழிக்கத் தொடங்கிவிட்டார். சரி, பேக்கப் இருக்கிறதே என்று போனால், பேக்கப் நிரலின் பதிப்பும் சர்வரின் பதிப்பும் ஒத்துப்போகாமல் அது ஓடியே இருக்கவில்லை. தற்செயலாக எடுத்து வைத்த பழைய நகல் ஒன்றுதான் காப்பாற்றியது. அப்படியும் ஆறு மணி நேரத் தரவு போனது. அந்த நிறுவனம் எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுதியதால் உலகத்துக்குத் தெரிந்தது. இந்தியக் கம்பெனிகள் கணக்கின் நகலை இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் எடுக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி மாறியது. எடுத்தது திரும்ப ஏறுகிறதா என்று பார்ப்பவர்கள் எத்தனை பேரோ.

கடைசிக் கேள்வி, புத்தகம் யாருடையது. ஸ்வீடனின் மைஎஸ்கியூஎல் ஏபி நிறுவனத்தை 2008-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கியது. 2010 ஜனவரியில் சன்னையே ஆரக்கிள் வாங்கி முடித்தது. காசு கொடுத்து வாங்கும் டேட்டாபேஸுக்குப் பெயர்போன கம்பெனியின் கையில் இலவச டேட்டாபேஸ்! மைஎஸ்கியூஎல்லை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் அதற்கு முன்பே தனியாகப் பிரிந்து மரியாடிபியைத் தொடங்கியிருந்தார். (மூத்த மகள் பெயர் மை, இளைய மகள் பெயர் மரியா.) மரியாடிபி நிறுவனமும் 2022-ல் நியூயார்க் பங்குச்சந்தைக்குப் போய், 2024-ல் ஒரு முதலீட்டு நிறுவனத்தின் கைக்கு மாறியது. மூல நிரல் ஜிபிஎல் உரிமத்தில் இருப்பதால் யாராலும் பூட்டிவைக்க முடியாது, தனியாக ஒரு அறக்கட்டளையும் இருக்கிறது. இருந்தாலும் கை மாறும்போதெல்லாம் வாடிக்கையாளருக்கு வயிற்றைக் கலக்குவது கலக்குவதுதான். போஸ்ட்கிரெஸ்ஸை வாங்கவோ விற்கவோ ஆளில்லை. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986-ல் தொடங்கி, இன்று பல கம்பெனிகளின் ஆட்கள் சேர்ந்து வளர்க்கும் ஊர்ப்பொதுச் சொத்து. எட்டு நிதியாண்டுக் கணக்கைப் பாதுகாக்க வேண்டும் என்று சட்டம் சொல்லும்போது இது சாதாரணத் தகுதி அல்ல. எஸ்கியூலைட்டுக்கு உரிமமே கிடையாது, பொதுவுடைமை.

ஆக, புதிதாக ஒரு கணக்கு மென்பொருள் எழுதுகிறவர் போஸ்ட்கிரெஸ்ஸில் தொடங்குவதுதான் சரி. எழுத ஆளில்லை, திருத்தத் தடம் சட்டென்று வேண்டும் என்றால் மரியாடிபி. புதிதாகத் தொடங்கும் கணக்குக்கு மைஎஸ்கியூஎல் கம்யூனிட்டி பதிப்பை எடுக்க இன்று வலுவான காரணம் எதுவும் தெரியவில்லை. ஒரே ஒரு கல்லா வைத்த கடைக்கு எஸ்கியூலைட் தாராளமாகப் போதும், அந்தக் கோப்பை நெட்வொர்க்கில் பகிர்ந்து மூன்று கம்ப்யூட்டரில் திறக்காத வரை. ஆயத்த மென்பொருள் எடுத்தால் இந்தத் தேர்வே கையில் இருக்காது. ஓடூவுக்கு போஸ்ட்கிரெஸ்தான், மும்பையில் பிறந்த ஈஆர்பிநெக்ஸ்ட்டின் வழக்கமான துணை மரியாடிபி. மாப்பிள்ளையைப் பிடித்துப்போனால் சம்பந்தி வீடும் சேர்ந்தே வரும்.

எதை எடுத்தாலும் ஒரு ஓட்டை மிச்சம். டேட்டாபேஸின் தலைமைக் கடவுச்சொல் வைத்திருப்பவர் தணிக்கைப் பதிவையே அணைத்துவிட முடியும். சின்ன கம்பெனிகளில் அந்தக் கடவுச்சொல் இருப்பது கணக்கு எழுதுபவரிடம். பதிவுக் கோப்பை உடனுக்குடன் வேறொரு கம்ப்யூட்டருக்கு அனுப்பி, அந்தக் கம்ப்யூட்டரின் சாவியைக் கணக்குப் பக்கமே வராத ஒருவரிடம் கொடுத்துவைக்கலாம். இதற்குத் தேவை ஒரு பழைய கம்ப்யூட்டரும் அரை நாள் வேலையும்.