முட்டையோடு ஒரு கொய்யாவும் வேண்டும்

மாண்புமிகு சமூக நலத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவில் முட்டை கிடையாது. 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று வந்தது. படிப்படியாகக் கூடி, 2010-ல் பள்ளிகளில் வாரம் 5 ஆனது. அதே இடத்தைப் பழத்துக்கும் காய்க்கும் தாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

இன்று சத்துணவில் பழம் என்றால், முட்டை சாப்பிடாத பிள்ளைக்குக் கொடுக்கும் வாழைப்பழம்தான். மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில், யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால்தான் பழம் வாங்குகிறார்கள்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் எடுத்துக்கொள்ளாது. கூடவே வைட்டமின் சி சேர்ந்தால் நன்றாக எடுத்துக்கொள்ளும். அடுப்பில் வேகும்போது அந்த வைட்டமினில் கணிசமான பங்கு வீணாகிவிடும். அதனால்தான் பச்சையாகக் கடித்துத் தின்னும் பழத்தைக் கேட்கிறேன். எங்கள் மாவட்டத்தில் ஆயக்குடிப் பக்கம் விளையும் கொய்யாவில் ஆரஞ்சில் இருப்பதைவிடப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கிறது.

காய்கறிக்கு வருகிறேன். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாளுக்கு 50 கிராம் காய் என்பது விதி. நூறு பேர் சாப்பிடும் மையத்துக்கு 5 கிலோ. விலை ஏறும் மாதங்களில் எங்கள் ஊர் மையத்தில் சாம்பார் அண்டாவைக் கரண்டியால் துழாவினால் பூசணித் துண்டு அகப்படுவதே அரிது. சமையலக்கா அதைத் தேடி எடுத்துச் சின்னப் பிள்ளைகளின் தட்டில் போடுகிறார். பெரிய பிள்ளைகளுக்கு வெறும் சாம்பார்தான். அவரைக் குறை சொல்ல முடியாது. காய்க்கும் மசாலாவுக்கும் எரிபொருளுக்கும் சேர்த்து ஒரே தொகை வருகிறது. எது விலை ஏறினாலும் காயில்தான் கைவைக்க வேண்டியிருக்கிறது.

தங்களிடம் மூன்று கோரிக்கைகள்.

காய்கறிக்கான பணத்தைத் தனியாகப் பிரித்து, உழவர் சந்தை விலைப்பலகையை ஒட்டி மாதந்தோறும் மாற்றியமையுங்கள்.

அந்தக் காயைப் பக்கத்து விவசாயியிடமே வாங்க வழிசெய்யுங்கள். விலை சரிந்தால் பறிப்புக்கூலிக்கும் கட்டாமல் தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறவருக்கு, பள்ளிக்கூடம் ஒரு நிலையான வாடிக்கையாக இருக்கும்.

எல்லாப் பிள்ளைக்கும் வாரம் ஒரு பழம் கொடுங்கள். கொய்யா, வாழை, பப்பாளி என அந்தந்த ஊரில் அந்தப் பருவத்தில் மலிவாகக் கிடைப்பது போதும்.

காலை உணவுத் திட்டம் 2022-ல் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டே மாநிலம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. மனம் வைத்தால் அரசால் எவ்வளவு விரைவாகச் செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. வரும் மானியக் கோரிக்கையில் இதற்கும் நிதி ஒதுக்கி அறிவியுங்கள்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி மாணவி ஒருத்தியின் தாய்,
திண்டுக்கல் மாவட்டம்.