இந்தியாவில் பனியாற்றியல் கல்வி

பனியாற்றியல் என்பது பனியாறுகளின் தோற்றம், நகர்வு, உருகல் ஆகியவற்றையும், அவற்றுக்கும் தட்பவெப்பநிலைக்கும் இடையிலான உறவையும் ஆராயும் புவி அறிவியல் துறை ஆகும். இந்தியாவில் இது பெரும்பாலும் தனிப் பட்டப்படிப்பாக அன்றி, நிலவியல், புவியியல், சுற்றுச்சூழல் அறிவியல், நீரியல் ஆகிய துறைகளின் முதுநிலை மற்றும் முனைவர் பட்ட ஆய்வுகளின் பகுதியாகவே பயிலப்படுகிறது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் கணக்கெடுப்பு, இமயமலையின் இந்தியப் பகுதியில் 9,575 பனியாறுகளைப் பட்டியலிட்டுள்ளது. இவற்றுள் நேரில் சென்று பல்லாண்டுகள் தொடர்ச்சியாக அளக்கப்பட்டவை மிகச் சிலவே. இத்துறையில் எழுந்த பெரும் குழப்பங்கள் பலவற்றுக்கும் இந்தக் குறையே அடிப்படை எனலாம்.

நிறைச் சமநிலை

பனியாற்றையும் தட்பவெப்பநிலையையும் நேரடியாக இணைக்கும் அளவீடு நிறைச் சமநிலை எனப்படும். இது ஒரு வரவு செலவுக் கணக்கு. பனியாற்றின் மேற்பகுதியில் விழுந்து தங்கும் பனி வரவு. கீழ்ப்பகுதியில் உருகி வெளியேறுவது செலவு. கீழ்ப்பகுதியில் பனிக்கட்டியில் துளையிட்டு மூங்கில் கழிகள் நடப்படுகின்றன. அடுத்த ஆண்டு கழி எவ்வளவு வெளியே தெரிகிறது என்பதைக் கொண்டு உருகல் கணக்கிடப்படுகிறது. மேற்பகுதியில் குழி தோண்டி, அவ்வாண்டுப் பனியின் தடிமனும் அடர்த்தியும் அளக்கப்படுகின்றன. முடிவு நீருக்கு ஈடான மீட்டரில் தரப்படும்.

இந்தியாவில் இவ்வகை அளவீட்டை இந்திய நிலவியல் ஆய்வுத்துறை 1974இல் இமாச்சலப் பிரதேசத்தின் காரா பனியாற்றில் தொடங்கியது. பல்கலைக்கழகம் சார்ந்த பணிகளில் குறிப்பிடத்தக்கது, அதே மாநிலத்தின் சோட்டா சிக்ரி பனியாற்றில் புது தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகமும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் 2002 முதல் நடத்திவரும் அளவீடு ஆகும். சுமார் 9 கி.மீ. நீளமுள்ள இப்பனியாறு, 2002 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ அரை மீட்டர் நீருக்கு ஈடான பனியை இழந்துள்ளது. எனினும் 1990களில் இதே பனியாறு ஏறக்குறைய சமநிலையில் இருந்ததாகப் பிற்கால ஆய்வுகள் காட்டின. ஒரு பத்தாண்டுத் தரவை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொல்வது எவ்வளவு தவறாகும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பருவமழை வலுவாக உள்ள இமயமலைப் பகுதிகளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஆல்ப்சு மலைகளில் குளிர்காலத்தில் பனி சேர்ந்து கோடையில் உருகுகிறது. நடு, கிழக்கு இமயமலையிலோ பனி சேர்வதும் உருகுவதும் ஒரே கோடையில் நிகழ்கின்றன. அங்கு வெப்பம் சிறிது உயர்ந்தால் உருகல் கூடுவதோடு, பனியாக விழவேண்டியது மழையாக விழுகிறது. வரவும் செலவும் ஒருசேரப் பாதிக்கப்படுகின்றன.

2035 சர்ச்சை

காலநிலை மாற்றத்திற்கான பன்னாட்டு அரசுக் குழுவின் 2007ஆம் ஆண்டு அறிக்கை, இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துவிடக்கூடும் என்று கூறியது. இக்கூற்றுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது உலக இயற்கை நிதியத்தின் 2005ஆம் ஆண்டு அறிக்கை. அதன் மூலமோ 1999இல் வெளிவந்த ஓர் இதழ்ச் செய்தி. அளவீடு செய்து சக ஆய்வாளர்களால் சரிபார்க்கப்பட்ட ஆய்வுக் கட்டுரை எதுவும் இடையில் இல்லை. அதே பத்தியில், பனியாறுகளின் பரப்பு 5,00,000 சதுர கி.மீ.யிலிருந்து 1,00,000 ஆகக் குறையும் என்ற வரியும் இருந்தது. உருசிய அறிஞர் கொட்லியாகோவ் 1996இல் எழுதிய அறிக்கையில் இதே எண்கள் உள்ளன. ஆனால் அவர் குறித்தது துருவங்களுக்கு வெளியே உள்ள உலகப் பனியாறுகள் அனைத்தையும், ஆண்டோ 2350.

2009 நவம்பரில், நிலவியலாளர் வி. கே. ரைனா எழுதிய ஆய்வறிக்கை ஒன்றை இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்டது. இமயமலைப் பனியாறுகள் வழக்கத்திற்கு மாறாகப் பின்வாங்குவதாகக் கூற இயலாது என்பது அதன் கருத்து. பன்னாட்டுக் குழுவின் தலைவராக அப்போதிருந்த பச்சௌரி அதைக் கடுமையாகச் சாடினார். ஆயினும் 2010 சனவரி 20 அன்று, 2035 பற்றிய பத்தி உரிய ஆதாரமற்றது எனக் குழு ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது.

ரைனா வென்றார் என்று இதைப் புரிந்துகொள்வது சரியன்று. அவரது அறிக்கை பெரிதும் பனியாற்று முனையின் பின்வாங்கலைச் சார்ந்திருந்தது. முனை என்பது தாமதமாகப் பேசும் சாட்சி. பெரிய பனியாறுகளில் இன்றைய வெப்பம் முனையை எட்டப் பல பத்தாண்டுகள் ஆகலாம். கல்லும் மண்ணும் மூடிய பனியாறுகளில் முனை நகராமலே பனி மெலிந்துகொண்டிருக்கும். பின்னர் வந்த செயற்கைக்கோள் ஆய்வுகள், காரகோரம் மலைத்தொடரில் நீண்டகாலம் பெரிய இழப்பு இல்லாததையும், இமயமலையின் பெரும்பகுதியில் தெளிவான இழப்பு இருப்பதையும் காட்டின. காத்மண்டுவில் உள்ள ஒருங்கிணைந்த மலை மேம்பாட்டுக்கான பன்னாட்டு மையத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை, இந்துகுசு இமயமலைப் பகுதியில் 2011–2020இல் ஏற்பட்ட இழப்பு முந்தைய பத்தாண்டை விட 65 விழுக்காடு விரைவானது என்கிறது.

தமிழ்நாடும் பனியாறுகளும்

தமிழ்நாட்டில் பனியாறு இல்லை. பஞ்சபூதத் தலங்களுள் நெருப்புக்குரியதாகப் போற்றப்படும் திருவண்ணாமலையை எடுத்துக்கொண்டால், அம்மாவட்டத்தின் செய்யாறு சவ்வாது மலையிலும், சாத்தனூர் அணைக்கு நீர் தரும் தென்பெண்ணை கருநாடகத்தின் நந்தி மலையிலும் தோன்றுகின்றன. இரண்டும் மழையையே நம்பியவை. கங்கைச் சமவெளிக்கு உள்ள பனிநீர்க் கவலை இங்கு இல்லை. ஆனால் கடல்மட்டமும் பருவமழையும் பனியாறுகளின் வரலாற்றோடு பிணைந்தவை.

அதற்கான சான்று தமிழ்நாட்டிலேயே கிடைத்தது. இரா. சுகுமார் முதலிய நால்வர் நீலகிரியின் முற்றா நிலக்கரிப் படிவுகளை ஆராய்ந்து 1993இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். சதுப்பில் மக்கிய தாவரங்களில் உள்ள கரிமம்-13 விகிதம், அங்கு வளர்ந்தவை வறட்சி தாங்கும் புல்லினங்களா, ஈரப்பாங்கான தாவரங்களா என்பதைக் காட்டிக்கொடுக்கும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், வட துருவப் பனிப்படலங்கள் உச்ச அளவில் இருந்த காலத்தில், நீலகிரி வறண்டிருந்தது, பருவமழை நலிந்திருந்தது. பனியுகம் பனியே காணாத மண்ணிலும் பதிவாகியுள்ளது.

பயிலும் வழிகள்

தமிழ்நாட்டு மாணவர் ஒருவர் சென்னை மாநிலக் கல்லூரி, அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சேலம் பெரியார் பல்கலைக்கழகம் போன்றவற்றில் நிலவியல் பயின்று, பின் பனியாற்று ஆய்வுக்கு மாறலாம். இயற்பியல், குடிசார் பொறியியல், தொலையுணர்தல் படித்தோரும் வருகின்றனர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் திவேச்சா மையம், தேராதூன் வாடியா நிறுவனம், கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையம் ஆகியவை இத்துறையில் பணியாற்றுவன. கோவா மையம் இசுபிதிப் பகுதியில் 'இமான்சு' என்னும் ஆய்வு நிலையத்தை 2016இல் அமைத்தது.

களப்பணி செலவு மிக்கது, உடலை வருத்துவது. பல பல்கலைக்கழகங்களால் அதற்கு நிதி ஒதுக்க இயல்வதில்லை. மாறாக, கணினி வழி ஆய்வுக்கான தடைகள் பெரிதும் நீங்கிவிட்டன. லேண்ட்சாட் படிமங்கள் 2008 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. ராண்டால்ப் பனியாற்றுப் பட்டியல் உலகப் பனியாறுகளின் எல்லைக்கோடுகளைத் தருகிறது. பைத்தான் மொழியில் எழுதப்பட்ட திறமூல பனியாற்று மாதிரி மென்பொருளை எவரும் பதிவிறக்கலாம். இணைய இணைப்பும் ஓரளவு கணிதமும் இருந்தால் திருவண்ணாமலையிலிருந்தே சோட்டா சிக்ரியின் உருகலைக் கணிக்க இயலும். அக்கணிப்பைச் சரிபார்க்க மட்டும் மூங்கில் கழி நட்டவர்களின் குறிப்பேடுதான் வேண்டும்.